மாணவர் ஆய்வுக்கு எந்த இணையக் கருவி? கடலோரப் பள்ளி நூலகம் ஒன்றின் ஒப்பீடு

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் நான் நூலகராக வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் 1 வகுப்பிலும் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஓர் ஆய்வேடு தர வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் நெடுநாள் வழக்கம். இணையத்தில் கிடைத்ததை அச்செடுத்து, சார்ட் அட்டையில் ஒட்டி, ஓரத்தில் வண்ணப் பேனாவால் கோடிட்டுக் கொடுப்பதே ஆய்வேடு என்றாகிப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. வரும் கல்வியாண்டிலிருந்து பிள்ளைகள் இணையத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அதில் தாமே எழுதவும், சேர்க்கவும், காட்டவும் உதவும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியர் முடிவுசெய்து, எதை எடுப்பது என்று எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். அதற்காக ஓராண்டாகச் சிறு சிறு குழுக்களுடன் ஆறு வகைக் கருவிகளை ஓட்டிப் பார்த்தேன். நூலகர் பணியிடமே இல்லாமல், தமிழாசிரியரோ வரலாற்று ஆசிரியரோ நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் இந்தக் கடற்கரையில் நிறைய உண்டு. அவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிகளைப் பார்ப்பதற்கு முன், எங்கள் பிள்ளைகள் எதை ஆராய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முடிவைத் தீர்மானித்தது அதுதான். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், தீவுகளை ஒட்டிப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசி, வள்ளமும் வத்தையும் விசைப்படகும் ஆகிய படகு வகைகள், கச்சானும் வாடையும் கொண்டலும் சோழகமும் வீசும் காலங்கள், கரைவலை இழுக்கும் முறை ஆகியவைதான் அவர்கள் தாமாகவே தேர்ந்தெடுக்கும் தலைப்புகள். இவற்றைப் பற்றிய செய்தியில் பெரும்பகுதி எந்த இணையதளத்திலும் இல்லை; அது வீட்டுத் திண்ணையிலும் கரையிலும் இருக்கிறது. எனவே எங்களுக்கு வேண்டிய கருவி தேடித் தருவதாக இருப்பதைவிட, கேட்டதைக் கேட்டபடி பதிந்து, யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் கண்டதா காதால் கேட்டதா என்பதையும் கூடவே பிடித்து வைப்பதாக இருக்க வேண்டும். இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் எல்லாவற்றையும் எடைபோட்டேன். மற்ற வசதிகளை எல்லாம் இதற்கு அடுத்த இடத்தில் வைத்தேன்.

படிப்பதற்கு என்னென்ன உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் ஒப்பிடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், விக்கிமூலம், இந்திய தேசிய மின்னூலகம் ஆகிய நான்கையும் எல்லாக் கணினிகளிலும் குறித்து வைத்திருக்கிறோம். கடல் சார்ந்த தலைப்புகளுக்கு, 1947-இல் தொடங்கி மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியம் பெரும் துணை. அங்கே கட்டுரைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றாலும் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பிளஸ் 1 மாணவர்களுக்கு ஆங்கில ஆசிரியரின் உதவி தேவைப்படுகிறது. மின்னூலகங்களில் உள்ள பழைய தமிழ் நூல்கள் பல பக்கப் படங்களாகவே கிடைக்கின்றன. அவற்றினுள் சொல்லைத் தட்டித் தேட முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடாவிட்டால், தேடல் பெட்டியில் ஒன்றும் வராததைக் கண்டு ‘புத்தகத்தில் இல்லை’ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முதலில் ஓட்டிப் பார்த்தது பேட்லெட் போன்ற சுவர்ப்பலகை. ஒரு பலகையைத் திறந்து அதன் இணைப்பைக் கொடுத்தால், கணக்கு எதுவும் இல்லாமலேயே மாணவர்கள் சீட்டு ஒட்டுவதுபோல எழுத்து, படம், குரல்பதிவு ஆகியவற்றை ஒட்டலாம். ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குத் தெரியும்படி அமைத்துக்கொள்ளவும் முடியும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட இதில் எழுதினார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறேன். ‘உங்கள் தெருவில் யாரிடம் கேட்டால் எதைத் தெரிந்துகொள்ளலாம்’ என்று ஒரு கேள்வியை மட்டும் பலகையின் தலைப்பாக வைத்தபோது, ஒரே பீரியடில் பலகை நிறைந்துவிட்டது. வலை பொத்துகிற தாத்தா, பாசி எடுக்கிற பெரியம்மா, சங்கு குளித்த மாமா என்று ஊரே வந்து நின்றது. ஆனால் மூன்றாம் வாரத்தில் அதே பலகையில் செய்தி சேரச் சேர, எது யார் சொன்னது, எது இணையத்திலிருந்து எடுத்தது என்று பிரிக்க முடியாமல் போனது. சீட்டில் ஆதாரத்தை எழுதச் சொல்லலாம்; எழுதாவிட்டால் பலகை தடுப்பதில்லை. இலவசமாக வைத்துக்கொள்ளக்கூடிய பலகைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், குழுவுக்கு ஒன்று என்ற பேச்சுக்கும் இடமில்லை. எனவே தலைப்பு தேடும் முதல் வாரத்துக்கு இது மிகவும் நல்லது, ஆய்வைத் தாங்கும் இடமாக இது ஆகாது என்பது என் முடிவு. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கூகுளின் ஜாம்போர்டு என்ற பலகைச் சேவை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. எந்தப் பலகையானாலும் மாதம் ஒருமுறை அதிலுள்ளதைக் கோப்பாக இறக்கிப் பள்ளிக் கணினியில் வைத்துக்கொள்வது நூலகரின் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காலக்கோட்டுக் கருவி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைட் லேப் வழங்கும் டைம்லைன் ஜேஎஸ் என்பதை எடுத்துக்கொண்டோம். கூகுள் விரிதாள் ஒன்றில் ஆண்டு, மாதம், நாள், தலைப்பு, விளக்கம், படத்தின் முகவரி, படத்தை எடுத்தவர் பெயர் என்று கட்டங்களை நிரப்பி, அந்தத் தாளை இணையத்தில் வெளியிட்டு, அதன் முகவரியைக் கருவியில் கொடுத்தால், நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் காலக்கோடு உருவாகிவிடுகிறது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம், 1964-இல் புயல், 1988-இல் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் என்று முதல் குழு வரிசைப்படுத்திக் காட்டியபோது, தேதிகளை மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளைகள் அவற்றுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

இந்தக் கருவியின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது ஒரு மாணவியின் கேள்வியால்தான். அவளுடைய அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். புயலின்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். பேத்தி கேட்டதற்கு அவர் தேதி சொல்லவில்லை. “மார்கழி மாசம், பௌர்ணமி கழிஞ்சு நாலஞ்சு நா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். விரிதாளின் ‘நாள்’ கட்டத்தில் இதை எப்படிப் போடுவது என்று அவள் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். இணையத்தில் போட்டிருக்கும் தேதியை எழுதிவிட்டு அப்பத்தா சொன்னதை விட்டுவிடுவதுதான் எளிய வழி. சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கருவியில் வரிசைப்படுத்துவதற்கான எண்களுக்கு ஒரு கட்டமும், வாசகருக்குக் காட்டுவதற்கான தேதிச் சொல்லுக்கு வேறொரு கட்டமும் தனித்தனியே இருக்கின்றன. எண்ணுக்கு 1964, 12, 22 என்று போட்டு, காட்டும் கட்டத்தில் அப்பத்தாவின் சொல்லையே போட்டாள். பிறகு அதைச் சரிபார்க்க வேண்டுமே என்று இருவரும் தேடினோம். சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் நிகழும். கிரகணங்களின் பட்டியலில் 1964 டிசம்பர் 19 இருக்கிறது. அன்றிலிருந்து எண்ணினால் 22-ஆம் தேதி இரவு நான்காவது இரவு. அறுபது ஆண்டுகளுக்கு முன் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நிலவைப் பார்த்து வைத்திருந்த கணக்கு பட்டியலோடு பொருந்தி வந்ததைப் பார்த்து அந்த மாணவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அதன் பிறகுதான், அந்தப் புயலில் கடல் அடித்துச் சென்ற ரயிலோடு போனவர்களின் எண்ணிக்கை நூற்றுப் பத்துச் சொச்சம் என்பதிலிருந்து இருநூறு வரை தளத்துக்குத் தளம் வேறுபடுவதைத் தானாகவே கண்டுபிடித்து, ‘எதை நம்புவது மிஸ்?’ என்று கேட்டாள். ஆய்வு என்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எனினும் காலக்கோட்டுக்கு எல்லை உண்டு. இருபது நிகழ்ச்சிகளுக்கு மேல் போக வேண்டாம் என்று உருவாக்கியவர்களே சொல்கிறார்கள், நாங்கள் ஓட்டிப் பார்த்ததிலும் அதுதான் சரி என்று தெரிந்தது. விரிதாளை இணையத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பதால், அதிலுள்ள அனைத்தும் முகவரி தெரிந்த எவருக்கும் தெரியும். மாணவரின் பெயரோ சொன்னவரின் பெயரோ அதில் இருக்கக் கூடாது. மேலும், தேதி இல்லாத செய்திக்கு இதில் இடமில்லை. கரைவலை இழுக்கும் முறையை எந்த ஆண்டில் வைப்பது? பாசியை எந்த மாதத்தில் வைப்பது? வரலாற்றுத் தலைப்புகளுக்கு மட்டும், அதுவும் முடிந்த ஆய்வைக் காட்டுவதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

நிலப்படக் கருவிகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. கூகுளின் மை மேப்ஸ் ஒருபுறம். திறந்த தரவான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் இயங்கும் யூமேப் மறுபுறம். வசதியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே: இடத்தில் குத்தி, பெயர் எழுதி, படம் சேர்த்து, குழுவாகத் தொகுக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகச் சேர்க்க முடியும் என்பதால், குருசடை தீவு, மனோலி தீவு, முயல் தீவு, நல்லதண்ணி தீவு என்று ஊரார் வழங்கும் பெயர்களை நாமே பதிந்து நிலைநிறுத்தலாம். இந்த ஒரு காரணத்துக்காக என் மனம் அதன் பக்கமே சாய்ந்தது. பிள்ளைகளுக்கும் எல்லாக் கருவிகளிலும் மிகவும் பிடித்தது நிலப்படம்தான்.

ஆனால் நம் கடற்கரையில் ஒரு புள்ளியைக் குத்துவது சாதாரணச் செயல் அல்ல. சோதனைக் குழுவில் இருந்த ஒரு மாணவன் ‘எங்கள் அப்பா இறாலுக்குப் போகும் இடம்’ என்று கடலுக்குள் ஓர் இடத்தைக் குறித்திருந்தான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் படகு நின்றது என்பதை வைத்துத்தான் இங்கே பல குடும்பங்களின் தலைவிதி மாறுகிறது. மகன் பாசத்தோடு குத்திய ஒரு புள்ளி தந்தைக்கு எதிரான சான்றாகிவிடக் கூடும். பாசிக்கும் இதே சிக்கல் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டவை. தீவுகளுக்குள் போகத் தடை இருக்கிறது. அம்மா எங்கே பாசி எடுத்தார் என்பதைப் பிள்ளை துல்லியமாகக் காட்டினால், அது அம்மாவுக்குத் தீங்கு. கடல் அட்டையோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வலையில் தற்செயலாகச் சிக்கியதைப் படம் பிடித்து ஏற்றுவதுகூட ஒரு வீட்டை வம்பில் மாட்டிவிடும். கைபேசியில் எடுக்கும் படத்தினுள்ளேயே எடுத்த இடத்தின் குறிப்பும் பதிவாகி இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம் ஆசிரியர்கள் பலருக்கும் தெரிவதில்லை. வெளியூரில் எழுதப்பட்ட கையேடுகள் நிலப்படத்தை முதலாவதாகப் பரிந்துரைப்பதைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே, கரைக்கு மேலே உள்ள இடங்களுக்கு மட்டும் நிலப்படம், கடலுக்குள் ஒரு புள்ளிகூடக் கூடாது என்று எழுத்தில் விதி வகுத்த பிறகே இதைத் தொட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஐநேச்சுரலிஸ்ட் என்பது உயிரினங்களைப் படம் எடுத்து ஏற்றி, அது என்ன இனம் என்று உலகெங்கும் உள்ளவர்கள் சொல்லக் கேட்கும் தளம். இதில் ஒரு பதிவு தரமானதாக ஏற்கப்பட வேண்டுமானால் படம், நாள், இடம் மூன்றும் இருக்க வேண்டும். இனம் இன்னதென்று ஒருவர் சொல்வதை மற்றவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சான்று இல்லாமல் ஒன்றும் நிற்காது என்பதைச் சொல்லித் தருவதில் இதற்கு இணை இல்லை. அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தைத் தளமே மங்கலாக்கிக் காட்டுவதும் நல்ல ஏற்பாடு. ஆயினும் 13 வயது நிறையாதவர்கள் தாமாகக் கணக்குத் தொடங்க முடியாது, மேலே சொன்ன இடச்சிக்கலும் முற்றிலும் தீர்வதில்லை. அதைவிட முக்கியமாக, நம் பிள்ளைகளின் அறிவு அதில் உட்காரும் இடம் சிறியது. பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மரிக்கொழுந்துப் பாசி வேறு, கட்டக்கோரை வேறு, கஞ்சிப்பாசி வேறு என்று கையால் தடவியே சொல்லத் தெரியும். வளர்ப்புப் பாசியை இங்கே எல்லோரும் ‘பெப்சி பாசி’ என்கிறார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் அதை வளர்க்கச் செய்ததால் வந்த பெயர் அது. அந்தப் பெயருக்குள் இருக்கும் கதையும், விலை ஏறி இறங்கிய கணக்கும், எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்ற அனுபவமும்தான் ஆய்வேட்டின் சாரம். இனத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடும் தளம் அதைத் தாங்காது. கரையோரப் பறவைகள், சதுப்புநிலத் தாவரங்கள் போன்ற தலைப்பு எடுக்கும் பிளஸ் 1 உயிரியல் மாணவர்களுக்குத் துணைக்கருவியாக இது இருக்கட்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பிள்ளைகளை எழுதவைப்பது என் நெடுநாள் ஆசை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு இருக்கும் அந்தக் களஞ்சியத்தில் நம் கடற்கரை ஊர்களைப் பற்றிய பக்கங்கள் பல இன்னும் சில வரிகளோடுதான் நிற்கின்றன. ஆனால் விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை என்பது. ஏற்கெனவே வேறெங்கோ அச்சிலோ நம்பத்தகுந்த தளத்திலோ வெளியானதை மேற்கோள் காட்டித்தான் எழுத முடியும். அப்பத்தா சொன்ன பௌர்ணமிக் கணக்கு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அங்கே ஏறாது, ஏற்றினாலும் நீக்கப்படும். அந்த விதி சரியான விதி. பிள்ளைகள் அதைப் படித்து, ஏன் அப்படி என்று பேசுவதே ஒரு நல்ல பாடம். ஆனால் முதன்முதலாக எழுதிய பத்தி நீக்கப்பட்டதைப் பார்க்கும் பதினான்கு வயதுப் பிள்ளை மறுபடி எழுதாமலே போய்விடக்கூடும். ஆகவே கட்டுரை எழுதுவதைப் பிளஸ் 1-இல் விருப்பமுள்ள சிலருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வத்தை, வள்ளம், வலை வகைகள் ஆகியவற்றைத் தாமே எடுத்த படங்களாக, விக்கிப்பீடியாவின் துணைத் தளமான பொதுவகம் என்ற படக் களஞ்சியத்தில் சேர்ப்பதில் மற்றவர்களைத் தொடங்கவைக்கலாம். படங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது.

மீதமிருப்பது பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது: கூகுள் படிவமும் அதன் பின்னால் நிற்கும் விரிதாளும். இதில் நகரும் படமும் இல்லை, பிள்ளைகள் ‘ஆ’ என்று பார்க்கும் அழகும் இல்லை. ஆனால் படிவத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் என்று குறித்துவிட்டால், அதை நிரப்பாமல் அனுப்பவே முடியாது. நான் இத்தனை ஆண்டுகளாக வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்த ‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வியை இனிமேல் படிவமே கேட்கும். நாங்கள் வைத்திருக்கும் கேள்விகள் இவை: என்ன செய்தி, நீ நேரில் பார்த்ததா, ஒருவர் சொல்லக் கேட்டதா, படித்ததா, சொன்னவர் உனக்கு என்ன உறவு, என்ன தொழில், அவர் தாமே கண்டதா, அவரும் கேட்டதா, எந்த நாள் கேட்டாய், படித்ததானால் நூலின் பெயரும் பக்கமும் அல்லது தளத்தின் முகவரியும் பார்த்த தேதியும். பெயரைக் கேட்பதில்லை. ‘தந்தைவழிப் பாட்டி, பாசித் தொழில்’ என்பதே போதும். பெயர்கள் என்னிடம் உள்ள நோட்டில் வரிசை எண்ணோடு இருக்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது, குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. எங்கள் மாணவர்களில் அநேகமாக எல்லோரும் அந்த வயதுக்குள்தான். ஒவ்வொருவருக்கும் ஆறு தளங்களில் கணக்குத் தொடங்கிக் கடவுச்சொல் வைப்பதைவிட, கணக்கே தேவைப்படாத வழியைத் தேடுவதுதான் பொறுப்பான செயல். படிவத்தில் கோப்பு ஏற்றும் கேள்வியைச் சேர்த்தால் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். அதைச் சேர்க்காமல், உள்நுழைவு கேட்காத அமைப்பில் வைத்தால் இணைப்பு இருந்தால் போதும். எனவே படங்களைத் தனியாக நூலகக் கணினியில் வாங்கி, இடக்குறிப்பை நீக்கி, வரிசை எண் கொடுத்து வைக்கிறோம். இது எனக்குக் கூடுதல் வேலைதான், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குவதையும் நிறுத்தப்போவதில்லை.

படிவத்துக்கு இன்னொரு பெரும் பலம் உண்டு. அதைக் கருவியின் சிறப்பு என்பதைவிட நம் ஊரின் நிலை கற்றுத் தந்தது என்று சொல்லலாம். எங்களிடம் ஓடுகிற கணினிகள் பத்து. ஒரு வகுப்பில் நாற்பது பேர். ஒரு பீரியட் நாற்பத்தைந்து நிமிடம். உப்புக் காற்றில் இணைப்பிகள் துருப்பிடிப்பதும், ஐப்பசி கார்த்திகையில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போவதும் ஆண்டுதோறும் நடப்பவை. காலக்கோடும் நிலப்படமும் இணையம் இல்லையென்றால் வெறும் வெள்ளைத் திரை. படிவத்தின் கேள்விகளையோ அப்படியே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். பிள்ளை அதைக் கரைக்கே எடுத்துச் சென்று, பென்சிலால் எழுதி வந்து, கணினி கிடைக்கும் நாளில் ஏற்றும். படிப்பதற்கும் இதேபோல் ஒரு வழி செய்திருக்கிறோம்: கிவிக்ஸ் என்ற மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையமே இல்லாத நாளிலும் பிள்ளைகள் அதில் தேடிப் படிக்கலாம். ஒரு பென்டிரைவில் அடங்கும் இதைச் செய்யாத பள்ளி நூலகம் உடனே செய்துவிட வேண்டும். இதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை.

தட்டச்சைப் பற்றியும் சில சொற்கள். தமிழ்99 விசைப்பலகையை ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வாரம் பழக்கினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவரை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையைத் தடுக்காமல் விட்டேன். குரலால் தட்டச்சு செய்வதைச் சிலர் விரும்பினார்கள், ஆனால் கடற்கரைப் பேச்சை அது பெரும்பாலும் வேறு சொல்லாக மாற்றிவிடுகிறது: ‘வத்தை’ ‘வித்தை’ ஆனது. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரியும் என்பதால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். ஒரே பாசிக்குப் பத்துப் பேர் பத்து விதமாக எழுத்துக்கூட்டினால் விரிதாளில் ஒன்றாகத் திரட்ட முடியாது. அடிக்கடி வரும் பெயர்களைப் படிவத்திலேயே தேர்வுப் பட்டியலாகக் கொடுத்து, கடைசியில் ‘எங்கள் தெருவில் வேறு பெயர்’ என்று ஒரு வெற்றிடம் விட்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. அந்த வெற்றிடத்தில் வந்து சேரும் பெயர்களை நான் தனியாகத் தொகுத்து வருகிறேன்.

ஆகவே தலைமையாசிரியரிடம் நான் கொடுத்த பரிந்துரை இதுதான். முதல் வாரம் தலைப்பு தேட ஒரே ஒரு சுவர்ப்பலகை. ஜூலை முதல் நவம்பர் வரை எல்லாச் செய்தியும் படிவத்தின் வழியே விரிதாளுக்குள். ஆய்வு முடிந்த பின், வரலாற்றுத் தலைப்புக் குழுக்கள் விரிதாளில் இருந்து தேர்ந்தெடுத்த வரிகளைக் கொண்டு காலக்கோடும், கரைமேல் உள்ள இடங்களை ஆராய்ந்த குழுக்கள் யூமேப் நிலப்படமும், பாசி, வலை போன்ற தலைப்புக் குழுக்கள் பழையபடி சார்ட் அட்டையும் செய்யலாம். விக்கிப்பீடியாவும் ஐநேச்சுரலிஸ்ட்டும் பிளஸ் 1-இல் கேட்பவர்களுக்கு மட்டும். நிலப்படத்தை முதன்மையாக எடுக்க வேண்டும் என்று விரும்பிய சக ஆசிரியர்கள் இருவர் இதில் இன்னும் முழுதாக உடன்படவில்லை. கடல் எல்லைப் பேச்சை எடுத்த பிறகு, ஓராண்டு பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்றைப் பின்னால்தான் சேர்த்தேன்: ‘எழுதியதைச் சொன்னவரிடம் படித்துக் காட்டினாயா? அவர் என்ன மாற்றச் சொன்னார்?’ அந்த மாணவி தன் பதிவில் ‘பெரிய அலை வந்து ஊரை அடித்தது’ என்று எழுதியிருந்தாள். அப்பத்தாவிடம் படித்துக் காட்டியபோது அவர், “அலையெல்லாம் வரலைத்தா, கடலே எந்திருச்சு வந்துச்சு” என்று திருத்தினாராம். வரி மாற்றப்பட்டு, பழைய வரியும் அதன் கீழேயே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கேள்வியையும் கட்டாயம் என்று குறித்து, தாள் படிவத்தில் இருநூறு பிரதிகள் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.